சூடு கேட்கும் கம்பி

இரண்டு கம்பிகளையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான் பிரசாந்தன். மேலே அறைச் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் 'குளிர்கிறது, சூடு அனுப்பு' என்று சொல்வதற்கு அந்த இரண்டு கம்பிகளை விட்டால் வேறு வழி கிடையாது. அவை இப்போது எதிலும் படாமல் அவனுடைய விரல்களுக்கிடையில் பிரிந்து கிடந்தன. ஆனாலும் நிலவறைச் சுவரில் அவன் புதிதாகப் பூட்டிய பெட்டிக்குள், பம்பை ஓட்டுகிற ரிலே 'டிக்' என்று விழுந்தது. பம்பு உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"ஆர் உன்னைக் கேட்டது?" என்றான் பெட்டியைப் பார்த்து.

அவனுக்கு அப்படி ஒரு வியாதி. ஒஸ்லோவில் மின்வேலைக்காரனாகச் சேர்ந்த நாள் முதல் பெட்டிகளோடும் மோட்டார்களோடும் கதைப்பான். "எங்கை நோகுது, சொல்லு பாப்பம்" என்று கேட்டுக்கொண்டுதான் மூடியைத் திறப்பான். வேலை முடிந்தால் ஒரு தட்டுத் தட்டி, "போட்டு வாறன்" என்று விடைபெறாமல் கிளம்ப மாட்டான். 'போறன்' என்று மொட்டையாகச் சொல்ல அவனுக்கு வாய் வராது. போகிறவன் திரும்பி வரவேண்டுமென்றால் 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்த்த வாய் அது. கூட வேலை செய்கிற நோர்வேக்காரர்கள் அதை ஏதோ மந்திரமென்று நினைத்துத் தாங்களும் பெட்டியைத் தட்டிச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இப்போது மகள் ஆரணிக்கும் தொற்றிவிட்டது. ஒன்றரை வயதில் அவளுக்கு வருகிற நாலைந்து சொற்களில் அது ஒன்று. பஸ்ஸுக்கு, குளிக்கிற தண்ணீருக்கு, ஸ்ட்ரோம்மன் கடையில் கால் அளந்து பார்த்த சப்பாத்துக்கு, எல்லாவற்றுக்கும் கையை ஆட்டி "போத்து வாதன்" என்பாள்.

வீட்டை வாங்கியபோது சனம் கேட்டது ஒன்றைத்தான்: உந்தக் காட்டுக்குள்ளை போய் என்ன செய்யப் போறியள்? லில்லெஸ்ட்ரோமையும் தாண்டி, கடைசி பஸ் தரிப்பிடத்தையும் தாண்டி, இருபக்கமும் மரங்கள் நெருக்குகிற ஒழுங்கையின் முடிவில் நிற்கிற பழைய மரவீடு அது. முற்றத்தின் மறுகரையில், தனிக் கொட்டிலுக்குள், விறகு பொயிலர் நின்றது. அது விறகை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் நிலத்துக்குக் கீழே குழாயில் வந்து வீட்டு ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும். நெருப்புக்குக் காற்றடிக்க ஒரு விசிறி, தண்ணீரைத் தள்ள ஒரு பம்பு, இரண்டையும் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் கருகிப் போயிருந்தது. "அதென்ன பெரிய வேலை, நானே வயர் பண்ணிப்போடுவன்" என்று சொல்லித்தான் பிரசாந்தன் கையெழுத்து வைத்தான்.

சொன்ன வேலை இன்றைக்கு முடிந்தே ஆகவேண்டும். முன்பு வாடகைக்கு இருந்த அம்மருட் மாடிவீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை. ஒரேயொரு மின்சூடாக்கியைச் சுற்றி மூன்று பேரும் குந்தியிருக்கிற இந்தப் பிழைப்பு இன்றிரவுக்கு உதவாது. உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து வரை போகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். குழாய்கள் வெடித்தால் வெடிக்கட்டும், அதைப் பிறகு பார்க்கலாம். ஆரணி குறைமாதத்தில் பிறந்தவள். குளிர் பட்டால் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். போன மாரியில் இரண்டு தரம் உதடு நீலம் பாரித்து, லேகவாக்ட் என்கிற அவசர வைத்தியசாலையில் விடிய விடியத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த இழுப்புச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கத் தன்னால் முடியாது என்று அவன் மனைவி ஜெனிதா சொல்லியிருந்தாள். அவனாலும் முடியாது.

ரோச் வெளிச்சத்தைப் பெட்டியின் அடியில் அடித்துப் பார்த்தான். அங்கே சாம்பல் நிறத்தில் இன்னொரு கேபிள். பழைய பெட்டியிலிருந்து மாற்றும்போது இருந்ததை இருந்தபடி கொழுவியிருக்கிறான், யோசிக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனான். அது மேல் அறைகளுக்குப் போகவில்லை. சுவர் ஓட்டையால் வெளியே இறங்கி, தண்ணீர்க் குழாயோடு சேர்ந்து முற்றத்துக்குக் கீழே போனது. வீட்டிலிருந்து பொயிலருக்கு என்ன வேண்டுமோ அது எல்லாம் வேறு கேபிளில் ஒழுங்காகப் போயிருந்தது. இது பொயிலர் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பி. வெளியே, கொட்டிலுக்குள்ளிருந்து, யாருக்கோ சூடு வேண்டியிருந்தது.

"எலி கடிச்சு ஷோட் ஆகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு படியேறினான்.

குசினியில் ஜெனிதா பிள்ளைக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். "இருட்டப் போகுதப்பா" என்றாள். மத்தியானச் சாப்பாடு இன்னும் செமிக்கவில்லை, அதற்குள் இருட்டு. டிசம்பர் அப்படித்தான். யன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருந்தது.

"ஒரு வயர் பாக்கக் கிடக்கு. போட்டு வாறன்."

"போத்து வாதன்" என்றாள் ஆரணி, வாய் நிறையச் சோற்றோடு.

கொட்டிலின் முன்பக்கத்தில் பொயிலரின் இரும்புக் கதவு. மாதக்கணக்கில் நெருப்புக் காணாத இரும்பில் வெண்பனி படிந்திருந்தது. சாம்பல் கேபிள் மண்ணிலிருந்து ஏறி, பொயிலரின் பக்கம் திரும்பாமல், பின்சுவரில் அடித்திருந்த பலகைக்குள் நுழைந்தது. அவன் இத்தனை நாளும் அந்தப் பலகைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற இடம் இருக்கிறதென்று நினைத்திருந்தான். கையை வைத்துத் தள்ளினால் அது கதவு.

உள்ளே ஓர் அறை. அறை என்றால், இரண்டு பேர் நின்றால் தோள் முட்டும். ஒரு பக்கம் முழுவதும் பொயிலரின் முதுகு. அதற்கு எதிரே கைப்பிடி வைத்த ஒரு மரக் கதிரை, அதன்மேல் விரித்த செம்மறித் தோல். தோலின் நடுவில் மயிர் தேய்ந்து, யாரோ வருடக்கணக்காக உட்கார்ந்த பள்ளம் இருந்தது. பழைய புகையும் ஈரக் கம்பளியும் நோவெண்ணெயும் கலந்த ஒரு வாசனை, ஆளில்லாத இடத்தின் வாசனை போல் இல்லை, இப்போதுதான் கதவைச் சாத்திவிட்டுப் போனவர்களின் அறை மணப்பது போல் மணத்தது. கதிரையில் இருக்கிறவரின் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் வட்டமான ஒரு தெர்மோஸ்டாட், வீட்டு அறைகளில் பூட்டுகிற சாதாரணத் தெர்மோஸ்டாட். அதன் முள் கடைசிக் கோடு வரை திருகியிருந்தது.

பிரசாந்தனுக்குச் சிரிப்பு வந்தது. எலியுமில்லை, பூனையுமில்லை. முள்ளை அடிக்குத் திருகினான். குனிந்து பையில் திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், முள் திரும்பவும் கடைசிக் கோட்டில் நின்றது. "ஸ்ப்ரிங் தளர்ந்துபோச்சு" என்றான் உரக்க. தளர்ந்த ஸ்ப்ரிங் முள்ளைக் கீழேதான் விழுத்தும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை அப்போது நினைத்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

திருப்புளி வழுக்கியபோது விழாமலிருக்க ஒரு கையைக் கதிரையில் ஊன்றினான். தோல் குளிரவில்லை. சூடு என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் ஒருவர் எழும்பிப் போன இருக்கையில் நாம் இருக்கும்போது தெரியுமே, அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஊதிப் பார்த்தான். நல்ல சாமான். மேலே பிள்ளையின் அறைச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் உடைந்து கிடந்தது. புதியதற்குச் சொல்லி இன்னும் வந்து சேரவில்லை. இதைக் கொண்டுபோய் அங்கே பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. போட்டிருந்த குளிர் யக்கற்றின் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது வெறும் கதிரை பாவமாகத் தெரிந்தது.

"குளிருதோ அம்மா? கொஞ்சம் பொறுங்கோ. இப்ப மூட்டிவிடுறன்." பொயிலரின் முதுகில் ஒரு தட்டு. "போட்டு வாறன்."

வெளியே வந்து விறகு அடுக்கி நெருப்பு மூட்டினான். விசிறி உயிர்பிடித்தது. இரும்புக்குள் காற்று இரைகிற சத்தம் அவனுக்குப் பாட்டுப் போலக் கேட்டது. நிலவறைக்குப் போய்ச் சாம்பல் கேபிளை ஒட்ட வெட்டி, முனையில் நாடா சுற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டைத் தொட்டிலுக்கு மேலே சுவரில் பூட்டினான். முள்ளை நடுவில் வைத்தான். கீழே ரிலே கீழ்ப்படிந்தது. ரேடியேட்டர்கள் இருமி, கனைத்து, மெல்லச் சூடேறின.

ஜெனிதா இரண்டு உள்ளங்கைகளையும் ரேடியேட்டரில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கெட்டிக்காரன்தான்" என்றாள். அவள் கேட்டபடி குசினிச் சுவரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் பூட்டியிருந்தான். பொயிலரின் இரும்புக் கதவு திறந்திருந்தால் அது எரியும். கதவு சரியாகச் சாத்தாமல் விட்டு, நெருப்பு வெளியே வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். ஆரணி விளக்கைக் காட்டி "லைத்து" என்றாள். பிறகு அதற்கும் கையாட்டினாள். மூன்று பேரும் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சட்டைக்கு மேல் சட்டை இல்லாமல் இருந்தார்கள்.

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அணைந்தது. திரும்பவும் எரிந்தது.

"நீங்கள் கதவை வடிவாச் சாத்தேல்லை."

"சாத்தினனான்."

போய்ப் பார்த்தான். இரும்புக் கதவு ஒரு சாண் திறந்து, உள்ளிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் பனியில் விழுந்திருந்தது. கொக்கி கனமானது, காற்றுக்குத் தூக்குப்படாது. காற்றும் இல்லை. மரத்தில் ஒரு கிளை அசையவில்லை. பனியில் வீட்டிலிருந்து வந்த காலடிகள் இருந்தன, எல்லாம் அவனுடைய சப்பாத்து. கதவை இறுக்கிக் கொக்கியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஒழுங்கையில் உழவு இயந்திரத்தின் வெளிச்சம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஓட்வார், பனி வழிக்க வந்திருந்தார். நல்ல மனுசன். பேச்சுக் குறைவு.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு நோர்வேஜிய மொழியில், நெருப்பைப் பார்த்துக் கனகாலமாகிறது என்றார். பின்னறையைக் கண்டாயா என்று கேட்டார். கண்டேன், அது யாருடைய கதிரை என்று பிரசாந்தன் கேட்டான்.

முன்பிருந்த கிழவரின் மனைவியுடையது என்றார் ஓட்வார். நோய் வந்தபிறகு அவளுக்கு எந்நேரமும் குளிர். வீட்டுச் சூடு போதாது. அதனால்தான் கிழவர் பொயிலரின் முதுகில் அந்த அறையை அடித்துக் கொடுத்தார். அவள் தானே திருகிக்கொள்ளட்டும் என்று கைக்கு எட்டத் தெர்மோஸ்டாட்டும் பூட்டிக் கொடுத்தார். ஒருநாள் கிழவர், உடனே வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு நகரத்துக்குப் போனார். புயல். பாதை மூடிவிட்டது. மின்கம்பி அறுந்து விசிறி நின்று, நெருப்பும் அணைந்துபோயிற்று. பாதை திறந்து ஆட்கள் போய்ப் பார்த்தபோது அவள் கதிரையில் இருந்தபடி இருந்தாள். முள்ளைப் பிடித்த கையை எடுக்கப் பெரும்பாடு பட்டார்களாம்.

ஓட்வார் கையுறையைச் சரிசெய்தார். அதன்பிறகு கிழவர் அந்தக் கம்பியைக் கழற்றவேயில்லை, நீயும் கழற்றாதே என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்தார்.

பிரசாந்தன் வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றினான். ஜெனிதா அவனுடைய முகத்தைப் பார்த்தாள், விடவில்லை. சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. "அங்கை என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது?"

"உங்கடை வாய் எனக்குத் தெரியாதே. போட்டு வாறன் எண்டு சொன்னனீங்களோ?"

அவன் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தான்.

"செத்த வீட்டிலை ஆரும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறதே, பிரசாந்? பேசாமல் எழும்பி வந்திட வேணும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"அது செத்த வீடு எண்டு எனக்குத் தெரியுமே? அதோடை, நோர்வேக்காரப் பொம்பிளைக்கு எங்கடை வழக்கம் என்னெண்டு விளங்கும்?"

"வாறன் எண்டு சொன்னவனைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்குப் பாஷை தேவையோ?"

அவனுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே இருந்தது பயம். அதைக் கேட்கக்கூடாதென்று காதை வேறு பக்கம் திருப்பியபோதுதான், வீடு முழுவதும் இருந்த சத்தத்தைக் கவனித்தான். நிலவறையில் பம்பு உறுமிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர்கள் 'டொக், டொக்' என்று விரிந்தன. குசினி யன்னலில் ஆவி வழிந்தது. அவனுடைய முதுகு வியர்த்திருந்தது. முள்ளை நடுவில் வைத்துவிட்டு வந்தவன் அவன். பம்பு எப்போதோ நின்றிருக்க வேண்டும்.

பிள்ளையின் அறைக்குள் நுழைந்தபோது சூடு முகத்தில் அறைந்தது. புகை, ஈரக் கம்பளி, நோவெண்ணெய். தொட்டிலில் ஆரணி நல்ல நித்திரை. நெஞ்சு இழுக்கவில்லை, கன்னம் சிவந்து, நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. சுவரில் முள் கடைசிக் கோட்டில் நின்றது.

"இதென்ன?" ஜெனிதா தொட்டிலுக்கு மேல் குனிந்தாள். கண்ணூறு படாமலிருக்கக் காலையில் அவள் வைத்த கறுத்தப் பொட்டு இடது கன்னத்தில் கலையாமல் இருந்தது. வலது கன்னத்தில் இன்னொன்று. "கரிக் கையோடை பிள்ளையைத் தொட்டனீங்களோ?"

"நான் தொடேல்லை."

பெருவிரல் அடையாளம். ரேகை தெரிந்தது. அவனுடைய விரலை விட ஒடுக்கம், நீளம்.

ஜெனிதா துணி நனைக்கக் குசினிக்கு ஓடினாள். அவன் தெர்மோஸ்டாட்டைச் சுவரோடு பிடித்து இழுத்தான். திருகாணிகள் தெறித்தன. இரண்டு கம்பிகளையும் பிய்த்தான். அது கையில் வந்தது. பம்பு நிற்கவில்லை. நிலவறைப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான். பெட்டியைத் திறந்தான். தெர்மோஸ்டாட்டிலிருந்து வருகிற சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் இரண்டையும் கழற்றினான். சாம்பல் கேபிள் அவன் வெட்டியபடியே, நாடா சுற்றியபடியே தொங்கியது. இப்போது எந்தக் கம்பியும் எதிலும் இல்லை.

டிக்.

"நிப்பாட்டு" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

வீட்டின் மெயின் சுவிச்சை அடித்து விழுத்தினான். விளக்குகள் அணைந்தன. முழு வீடும் இருண்டது. இருட்டுக்குள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

மேலிருந்து ஜெனிதாவின் குரல் கேட்டது. "லைற் எல்லாத்தையும் நூத்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப உந்தச் சிவப்பு லைற் ஏன் எரியுது?"

அவன் படியேறினான். கையால் சுவரைத் தடவிக்கொண்டு. குசினி வாசலில் அவள் உருவம் தெரிந்தது. முகத்தில் பாதி சிவப்பு. கையில் ஈரத் துணி சொட்டியது.

"பிள்ளை உங்களோடையோ?" என்று கேட்டாள்.

"உம்மோடை இல்லையோ?"

தொட்டில் வெறுமையாக இருந்தது. படுக்கை இன்னும் சூடாக இருந்தது. முன்கதவு அகலத் திறந்திருந்தது. குளிர் தரையோடு ஊர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவன் சப்பாத்துப் போடவில்லை. ஓடினான். நிலா வெளிச்சத்தில் பனி வெள்ளையாகக் கிடந்தது. அவனுடைய பழைய காலடிகள், போனது, வந்தது. வேறொன்றுமில்லை. சின்னக் காலடி ஒன்றுகூட இல்லை. நடந்து போயிருக்க முடியாது. நடக்காமல் எப்படிப் போனாள்? அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. இருபத்தைந்து. உதடு நீலம். இழுப்பு. பிள்ளையின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

மூடினான்.

பேசாமல் எழும்பி வந்திட வேணும்.

இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அவன் பின்பக்கம் போனான். பலகைக் கதவைத் தள்ளினான்.

பொயிலரின் முதுகு வெப்பத்தில் அறை கொதித்தது. இரும்பின் இடுக்கால் கசிந்த வெளிச்சத்தில் கதிரை தெரிந்தது. கதிரையில் ஆரணி. செம்மறித் தோல் அவளைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. முழித்திருந்தாள். அழவில்லை. ஆனால் அவள் கதிரையின் பலகையில் இருக்கவில்லை. அதற்கு மேலே, ஒரு மடி இருக்கிற உயரத்தில் இருந்தாள். தலையைச் சாய்த்து, எதன்மேலோ சாய்ந்திருந்தாள். அவளுடைய கண்கள் அண்ணாந்து, ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிரசாந்தன் கதிரைக்கு முன்னால் குனிந்தான். பல்லைக் கடித்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தந்திடுங்கோ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஓயாத வாய். உதட்டைக் கடித்ததில் இரத்தம் உப்புக் கரித்தது.

இரண்டு கைகளையும் பிள்ளையின் கமக்கட்டுக்குள் விட்டான். தூக்கினான். வரவில்லை. இன்னொருவர் அணைத்து வைத்திருக்கிற பிள்ளையை வாங்கும்போது கையில் தெரிகிற பாரம். இழுத்தான். மெல்ல, ஒவ்வொரு விரலாக, அது விட்டது. கடைசி விரல் விடக் கனநேரம் எடுத்தது.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சூடாக இருந்தாள். மூச்சு ஒழுங்காக வந்தது. திரும்பினான். கதவைத் தாண்டினான். ஒரு சொல் இல்லை. தலையைத் திருப்பவில்லை. வீட்டு வாசலில் ஜெனிதா நின்றாள். கூப்பிட வாயெடுத்தவளைத் தலையாட்டித் தடுத்தான். அவளுக்கு விளங்கியது. இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்தான். காலுறைக்குள் பனி உருகிப் பாதம் மரத்தது. பரவாயில்லை. இன்னும் கொஞ்சம்தான். முற்றத்தின் பாதி.

பின்னால் கொக்கி தூக்குகிற சத்தம். இரும்புக் கதவு மெதுவாகத் திறந்தது.

செம்மஞ்சள் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து பனியில் நீண்டது. அவனுடைய நிழல் அவனுக்கு முன்னால், ஜெனிதாவின் காலடி வரை விழுந்தது. தோளில் ஆரணியின் சின்னத் தலை. அவன் நடந்தான். சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

நிழலில், தோளுக்கு மேலே, ஒரு சின்னக் கை உயர்ந்தது.

அவன் கை அவளுடைய வாயைத் தேடிப் போனது. அதற்கு முன்னம், நித்திரை கலைந்த குரலில், அப்பா எல்லாவற்றுக்கும் சொல்வது போல, அவள் சொல்லிவிட்டாள்.

"போத்து வாதன்."

கொட்டிலுக்குள் கதிரை முனகியது. இருந்தவர் எழும்புகிற முனகல். பனியில் அவர்கள் இருவரின் நிழலுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஒன்று, ஒடுக்கமாக, நீளமாக, நிமிர்ந்துகொண்டு வந்தது. அதுவும் கையை உயர்த்தி ஆட்டியது. பிறகு கையைக் கீழே விட்டு, அவனுடைய நடைக்கு ஏற்றபடி, வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.